அச்சடித்ததை அச்சு என்று சொல்லி விற்றால் என்ன?

சென்ற வாரம் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நம் இணையக் கிதார் குழுவில் இருக்கிற எல்லோரும் பார்த்தீர்கள். என் கேள்வியை நீக்கியதையும் பார்த்தீர்கள், நீக்கிய பிறகு வந்து விழுந்த வசவுகளையும் பார்த்தீர்கள். "வாங்க வக்கில்லாதவனின் வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களும் உண்டு. அதைப் பார்த்த பிறகு இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

கிதார் விற்கிறவர்களிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உலகத்திலேயே நூறு கிதார் மட்டும் என்று எண் பொறித்து, பின்பலகை முழுக்கப் பொன் நாரைகளையும் அலைகளையும் நிரப்பி, "ஜப்பானியப் பாரம்பரிய மகி-எ கைவேலை", அதாவது மரப்பால் கோட்டின்மேல் பொன்தூள் தூவிச் செய்யும் ஓவியம், என்று போட்டு விற்கிறீர்களே, அந்தக் கை யாருடையது? எந்த ஊரில் செய்தது? இதில் என்ன பொறாமை இருக்கிறது?

அந்தக் கிதாரை நான் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பேசவில்லை. அதை வாங்கிய தம்பி, கம்பிகள் விரற்பலகையிலிருந்து அதிக உயரத்தில் நிற்கின்றன, விரல் வலிக்கிறது, சரிசெய்து தாருங்கள் என்று ஜப்பானில், நகோயா நகரத்தில் இருக்கிற என் வீட்டுக்கே கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் பின்பலகையை விளக்கடியில் வைத்துப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தேன். நாரையின் சிறகில் பொன் இல்லை. மஞ்சள் புள்ளி, பழுப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி எல்லாம் சீரான வரிசையில் நின்றன. வாரப் பத்திரிகையின் அட்டைப்படத்தைப் பெரிதாக்கினால் தெரியும் அதே புள்ளிகள். அதன்மேல் தடித்த கண்ணாடிப் பூச்சு. நகத்தால் தடவிப் பார்த்தேன். சிறகு எங்கே தொடங்குகிறது, வானம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவே இல்லை.

கையால் செய்த மகி-எ அப்படி இருக்காது. முதலில் உருஷி என்ற மரப்பாலால் ஓவியத்தின் கோடுகளை வரைகிறார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, நுனியில் துணி கட்டிய சிறு குழாயில் பொன்தூளை எடுத்து, விரலால் தட்டித் தட்டித் தூவுகிறார்கள். உலர்ந்ததும் மேலே மறுபடி உருஷி, மறுபடி உலர்த்தல், பிறகு கரியால் தேய்த்து மெருகேற்றுதல். உயர்த்திச் செய்யும் வகையில் சிறகையும் அலையையும் அடுக்கடுக்காக மேடாக்கிவிட்டுத்தான் தூளைத் தூவுவார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு பொன் துகளும் ஒவ்வோர் அளவில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஒளியைத் திருப்பும். விளக்கைச் சற்று நகர்த்தினால் நாரையே திரும்புவதுபோல் தோன்றும். ஹெயான் காலத்திலேயே, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, முதிர்ந்துவிட்ட வேலை இது.

அந்த மரப்பால் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருஷி மரம் பால் தர 10 முதல் 15 ஆண்டுகள் வளர வேண்டும். ஜூன் தொடங்கி இலையுதிர் காலம்வரை ஒரு பருவம் முழுக்கக் கீறிக் கீறி எடுத்தால் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர். அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது வளர்ந்து வர மறுபடியும் அத்தனை ஆண்டுகள். பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். இன்று ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. சொந்த மண்ணின் பால் பெரும்பாலும் இவாத்தே மாநிலத்து ஜோபோஜி பக்கத்திலிருந்துதான். இத்தனையையும் தாண்டி வந்த ஒரு பொருளின் பெயரை, அச்சு இயந்திரத்திலிருந்து இறங்கிய படத்தின்மேல் ஒட்டி விற்கிறார்கள். கேட்டால் வயிற்றெரிச்சல்.

கிதார் செய்கிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் புரியும் இன்னொரு காரணமும் இருக்கிறது. உருஷி காய்வது வெயிலிலோ வறண்ட காற்றிலோ அல்ல. ஈரக்காற்றில்தான் இறுகும். 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் உள்ள மர அலமாரிக்குள் வைத்துத்தான் அதை இறுக வைக்கிறார்கள். கிதார் மரத்துக்கோ 45 முதல் 55 சதவீதம்தான் நல்லது. அதற்கு மேலே போனால் மேற்பலகை உப்பும், ஒட்டிய இடம் தளரும். ஆக, பொன்னோவியத்துக்கு வேண்டிய காற்றும் கிதாருக்கு வேண்டிய காற்றும் எதிரெதிர். மேற்பலகையில் கனமாக ஏற்றினால் அதிர்வும் அமுங்கிவிடும். இதனால்தான் நெஞ்சறிந்து வேலை செய்கிறவர்கள் தலைப்பகுதி, மீட்டுமிடத்துக் காப்புத்தகடு போன்ற சிறு பாகங்களைத் தனியாகச் செய்து பொருத்துகிறார்கள், அல்லது பின்பலகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழு உடலும் மகி-எ, நூறு கிதார், சில மாதங்களில் தயார் என்று எவராவது சொன்னால் கேள்வி கேட்காமல் எப்படி இருப்பது? கேட்பதுதான் அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை.

இனி எனக்குப் பதிலாக வந்தவை.

"ஹொகுசாயின் பேரலையே அச்சுதானே, அப்படியானால் அதுவும் போலியா?" என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். வந்த கேள்விகளிலேயே மதிக்கத்தக்கது இதுதான், அதனால் இதற்கு நின்று பதில் சொல்கிறேன். ஹொகுசாய் என்ற ஜப்பானிய ஓவியரின் புகழ்பெற்ற கடலலைப் படத்தைச் சொல்கிறார். ஆம், அது அச்சு. 1831 வாக்கில் வந்தது. ஹொகுசாய் வரைந்ததை ஒருவர் செர்ரி மரக்கட்டையில் மயிரிழை பிசகாமல் செதுக்கினார். வேறொருவர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை வைத்துக் கையால் தேய்த்து அச்சிட்டார். நிஷிமுராயா யொஹாச்சி என்ற பதிப்பாளர் விற்றார். சில ஆயிரம் பிரதிகள் போனதாகச் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்குச் சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள். யாராவது அதைக் கையால் தீட்டிய ஓவியம் என்று விற்றார்களா? அச்சு என்று விற்றார்கள், அச்சின் விலைக்கு விற்றார்கள். செதுக்கியவனின் திறமையும் அச்சிட்டவனின் திறமையும் அந்தத் தாளிலேயே தெரிகிறது. 2024 ஜூலையில் வந்த புதிய ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் அதே அலை இருக்கிறது. அதையும் அச்சு என்று தெரிந்தே சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். என் சண்டை அச்சோடு இல்லை. அச்சடித்துவிட்டுக் கைவேலை என்று சொல்வதோடுதான்.

"எல்லோராலும் அசலை வாங்க முடியுமா?" முடியாது. என்னாலும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், அச்சுப் படம் போட்ட கிதாரை அச்சு என்று சொல்லி அதற்கேற்ற விலைக்குத் தாருங்கள், நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன். பிள்ளைகள் ஆசையாக வாங்கி வாசிப்பார்கள். அந்தத் தம்பி கொடுத்த தொகை அப்படிப்பட்ட தொகையா? இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணம் அது. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். குழுவில் எழுதியவர்கள் பார்க்கவில்லை.

"வாசிக்கிறவனுக்கு ஓசைதானே முக்கியம்?" இதற்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. ஓசைக்காக மட்டும் வாங்குகிறவர் நாரைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அலங்காரமே வீண் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் பிவா என்ற, மீட்டி வாசிக்கும் வாத்தியம் ஒன்று, ஐந்து கம்பி உள்ளது, இருக்கிறது. பேரரசர் ஷோமு 756-இல் இறந்த பிறகு பேரரசி கோம்யோ தோதாய்ஜி கோயிலின் புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்தவற்றோடு சேர்ந்தது. பின்பக்கம் முழுவதும் சிப்பி இழைத்த பூக்கள். முன்பக்கத்தில், மீட்டும்போது தேயாமலிருக்கப் பதித்த ஆமையோட்டுத் தகட்டில், ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து பிவா வாசிக்கும் ஒரு மனிதன். அவனும் சிப்பியால் இழைத்தவன்தான். பழங்காலத்து ஐந்து கம்பிப் பிவாவில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதற்கு மறுவடிவம் செய்ய ஜப்பானிய அரண்மனைத் துறை பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு 2019-இல்தான் முடித்தது. கம்பிக்கான பட்டு, அரண்மனையில் பேரரசி மிச்சிகோ வளர்த்த கொய்ஷிமாரு என்ற பழைய இனப் பட்டுப்புழுவிலிருந்து எடுத்தது. அந்த மறுவடிவத்தை மறுவடிவம் என்றே எழுதி வைத்துக் காட்டுகிறார்கள். ஒருவரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

"தமிழனான உனக்கு ஜப்பான்காரன் கலையைப் பற்றி என்ன வந்தது?" என்றும் ஒருவர் கேட்டார். இதுதான் எனக்கு மிகவும் வலித்தது. ஐந்து கம்பிப் பிவாவின் வடிவம் இந்தியாவில் தோன்றி, நடு ஆசியா வழியாகச் சீனத்துக்கும் அங்கிருந்து ஜப்பானுக்கும் போனது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது பழங்கதை என்றால் விடுங்கள். உங்கள் மடியில் இருக்கிற நல்ல கிதாரின் பின்பலகையும் பக்கப்பலகையும் பெரும்பாலும் எந்த மரம்? ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில், கூடலூர்ப் பக்கத்தில் வளர்வது. பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது, 1969-இன் கடைசியில் மார்ட்டின் கிதார் நிறுவனம் இந்த மரத்துக்குத்தான் மாறியது. தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994-இல் தனிச்சட்டமே வந்தது. 2017 முதல் அந்த மரவகை முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்து, பிறகு 2019-இல்தான் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. நம் மலை மரத்தின் உடலில், ஜப்பானிய மரப்பாலும் பொன்னும் ஏறுகிற பொருள் இது. இதைப் பற்றிப் பேச எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இவ்வளவு கோபம் ஏன் என்று உள்பெட்டியில் கேட்ட அக்காவுக்காக மட்டும் இதைச் சொல்கிறேன். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. வாஜிமா நகரத்தின் காலைச்சந்தைத் தெரு தீப்பிடித்து 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளமும் வந்தது. உருஷி வேலைக்கு ஜப்பானிலேயே பேர்போன ஊர்களில் ஒன்று அது. பட்டறை போனவர்கள், கருவி போனவர்கள், பாதி முடித்த வேலையோடு வீடே போனவர்கள் ஏராளம். அந்தச் சந்தைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கடை போட்டார்கள். அப்படி வந்த ஒரு சந்தையில் நான் ஓர் அம்மாவிடம் சூப் கிண்ணம் வாங்கினேன். அவர் விற்பதற்கு முன்னால், வெட்டுத் தெரிகிற மாதிரிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே மரம், விளிம்பில் உருஷியில் நனைத்து ஒட்டிய துணி, அதன்மேல் அவர்கள் ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்துக் குழைத்துப் பூசிய அடுக்குகள், அதன்மேல் மெருகு. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். எந்த அடுக்கை யார் செய்தார், அவர் இப்போது எந்தத் தற்காலிகக் குடியிருப்பில் இருக்கிறார் என்பதுவரை சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. விற்கிறவரின் கடமை என்று அவரே சொன்னார்.

அவர் ஒரு கிண்ணத்துக்கு அவ்வளவு சொன்னார். இங்கே ஒரு கிதாருக்கு நான் கேட்ட கேள்வியை அழித்தார்கள்.

இப்படி "மகி-எ" என்ற பெயரில் அச்சுப் படம் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வரும்போது, உண்மையான மகி-எயின் விலையைப் பார்த்து "இவ்வளவா, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று ஒரு கைவினைஞரின் முகத்துக்கு நேரே சொல்வார்கள். சொல்லவும் கேட்டிருக்கிறேன். வயதானவர்கள் ஒதுங்குகிறார்கள், இளையவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். நூறில் ஒன்று என்ற எண்ணைப் பொறிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு மகி-எக் கைவினைஞர் உருவாகப் பாதி ஆயுள் வேண்டும். இதைச் சொன்னதற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை. நட்பு முறித்தவர்களும் முறித்தபடியே இருக்கட்டும். ஆனால் அந்தத் தம்பியைக் "கேவலமாக ஏமாந்தவன்" என்று எழுதியவர்கள் மட்டும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் விற்றவரின் சொல்லை நம்பினார். அதில் அவருக்கு ஒரு கேவலமும் இல்லை.

அவர் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறார். பின்பலகையை உருப்பெருக்கி எடுத்த படங்களை நான் கொடுத்திருக்கிறேன். இதே வகைக் கிதார் வாங்கிய வேறு யாராவது இருந்தால் கொண்டுவாருங்கள், கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். வாஜிமாச் சந்தை மறுபடி நகோயாப் பக்கம் வந்தால் கட்டாயம் போவேன். உடன் வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.