அந்த அம்மாவுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த பஸ் ஸ்டாண்ட் வீடியோதான் எங்கே பார்த்தாலும். சித்தாள் வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவிடம் மைக்கை நீட்டி, குடியரசுத் தலைவர் யார், ஐ.நா. சபை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அவர் "தெரியலப்பா" என்றதும் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு?" என்று கீழே எழுதியிருக்கிறீர்களே, அதுவும் என் நட்பில் இருக்கிற படித்தவர்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெயர் தெரிவது வேறு, அரசியல் தெரிவது வேறு. நூறு நாள் வேலைக்குக் கூலி ஏன் மாதக்கணக்கில் நின்றது, ரேஷனில் பாமாயில் எப்போது வரவில்லை என்று அவரிடம் கேட்டிருந்தால் மைக் வைத்திருந்தவர்தான் முழித்திருப்பார். வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று 2005இல் வந்த சட்டம் சொன்னது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கைநாட்டுதான். ஆனால் "சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க" என்று சொல்வார். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964இல் போட்ட ஒப்பந்தம் அது. இங்கிருந்து போன, நாடற்று நின்ற தோட்டத்து மக்களில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரி வந்தார். அங்கே சாகும்வரை "சிலோன்காரி"தான். அப்படிக் கூப்பிட்டவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு வரி தெரியாது. அதற்காக அவர்கள் ஓட்டை யாரும் பிடுங்கவில்லை.

ஓட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். இலங்கையில் 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1948இல் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அவர்கள் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. கேட்க ஆள் இல்லாத சனத்தைத்தான் அப்புறம் இரண்டு நாடும் உட்கார்ந்து எண்ணிப் பிரித்தன.

"அப்போ அறியாமையை ஆதரிக்கிறியா?" என்று கேட்பீர்கள். இல்லை. குடியரசுத் தலைவர் பெயர் எல்லாருக்கும் தெரிந்தால் நல்லதுதான். தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த மைக் வைத்திருந்தவர் சொல்லிக்கொடுத்தாரா?

"காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறாங்களே" என்று ஒருவர் வருவார். தயவுசெய்து வராதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கவர் வாங்குவதே இல்லையா? கொடுக்கிறவனைக் கேட்கத் துப்பில்லை, வாங்குகிற ஏழையிடம் மட்டும் கணக்குக் கேட்க வருகிறீர்கள்.

1951இல் இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அவர்களை நம்பித்தான் முதல் பொதுத்தேர்தலை நடத்தினார்கள். பெயர் படிக்கத் தெரியாதவரும் போடட்டும் என்றுதான் சின்னம் வைத்தார்கள். தேர்வு வைத்துப் பாஸான பிறகு ஓட்டு என்றிருந்தால் உங்கள் தாத்தா பாட்டியில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த வரியை எழுதியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்று ராத்திரிக்குள் அதை நீக்கிவிடுங்கள். நீக்காதவர்கள் என் அம்மாயியைத்தான் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் நமக்குள் பேச ஒன்றுமில்லை.