புறாமலைக்குப் போக எந்தக் கமரா?

"அண்ணா, தண்ணிக்குக் கீழே படம் எடுக்க கோப்ரோ வாங்கட்டா, இல்லாட்டி பெரிய கமராவும் அதுக்குத் தண்ணி புகாத ஹவுசிங்கும் வாங்கட்டா?" வாடை ஓய்ந்து கடல் அடங்கி, திருகோணமலை நிலாவெளியில் படகுகள் ஓடத் தொடங்கினால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். முதலில் சின்னதை, அதாவது கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கமராவை வாங்குங்கள்.

நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவில் முருகைக்கல் (பவளப்பாறை) பல இடங்களில் கால் எட்டும் ஆழத்திலேயே இருக்கிறது. மிதக்கப் பழகாத ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய ஹவுசிங்கோடு இறங்கினால், படம் ஆடாமல் வரவேண்டும் என்று எங்கேயாவது காலை ஊன்றத்தான் செய்வார், அவர் ஊன்றுவது ஒரு உயிரின் மேல். உருண்டையான முருகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிய விஷயம். 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்த இடம் அது, எத்தனையோ தடவை துடுப்புக்காலால் உடைந்து கிடந்த கிளைகளைப் பார்த்து மனம் நொந்து வந்திருக்கிறேன். சின்னக் கமரா என்றால் ஒரு கை சும்மா இருக்கும், உடம்பைச் சமாளிக்கலாம்.

அப்புறம் நிறம். ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு மங்கிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கமராவானாலும் போன சிவப்பு தானாகத் திரும்பாது. சிவப்பு ஃபில்டர் போடலாம், லைட் கொண்டுபோகலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கிட்டப் போகவேண்டும், நடுவில் தண்ணீர் குறையக் குறையத்தான் படம் தெளியும். செட்டை நுனி கறுத்த சுறாக்கள் சத்தம் போட்டு அடித்து நீந்துகிறவரைக் கண்டால் விலகிவிடும். அசையாமல் மிதந்தால் அவையே சுற்றி வரும்.

சின்னதிலும் குறை இருக்கிறது. ஆக்‌ஷன் கமராவுக்கு ஃபோகஸ் மாறாது, நகம் அளவு கடல் நத்தையை நெருங்கினால் மங்கல்தான் வரும். அப்படிப்பட்டவற்றில் ஆசை என்றால் ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி ஒன்றைப் பாருங்கள், லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதையும் எடுக்கும், 15 மீட்டர் வரை தாங்கும். கோப்ரோ கூடு இல்லாமல் 10 மீட்டர்தான்.

திருகோணமலையில் கோணேஸ்வரர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் பாறைக்குக் கீழே, வெளிச்சம் குறைந்த ஆழத்தில் பெரிய கமராவுக்கு ஈடே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பெரிய கமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் (ஒளியைப் பிடிக்கும் சில்லின்) பரப்பு, பழைய ஆக்‌ஷன் கமராக்களின் 1/2.3 அங்குல சென்சாரைவிடச் சுமார் 13 மடங்கு. ஆனால் ஹவுசிங்கின் ஓ-ரிங்கில், அதாவது தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையத்தில், ஒரு தலைமயிர் கிடந்தாலே போதும், தண்ணீர் புகுந்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது, இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கியது, உப்புத்தண்ணீர் ஏறி அன்றோடு சரி.

வருகிற மே மாதம் நிலாவெளிப் பக்கம் வருகிறவர்கள் ஒரு மெசேஜ் போடுங்கள். என் சின்னக் கமராவைத் தருகிறேன், ஒரு காலை முழுக்க வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.