பெட்டியில் 3600, உள்ளே 2133

கணினிக்கு வாங்கும் ராம் (தற்காலிக நினைவகம்) பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேக எண்ணை நம்பி மூன்று வாரம் மண்டை காய்ந்தவன் எழுதுகிறேன்.

3600 என்று போட்ட டிடிஆர்4 தலைமுறை ராம். மாட்டிப் பார்த்தால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 2133 என்கிறது. (சிபியு-இசட் என்ற மென்பொருள் அதிலும் பாதி காட்டும், பயப்பட வேண்டாம், அது கணக்கு வேறு.) ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். இல்லை. எந்த மதர்போர்டும் முதலில் ராமைப் பொதுவான, பத்திரமான வேகத்தில்தான் ஓட்டும். பெட்டியில் உள்ள வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய், ராமைப் பெட்டி வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செய்தால் மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏறுகிறது. அதாவது இது ஓவர்கிளாக், பொதுவான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. நான் வாங்கிய பெட்டியில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. என் கோபமே அதுதான்.

ஆன் செய்தேன், 3600 வந்தது. அப்புறம் ஆசைப்பட்டு இன்னும் இரண்டு ராம் வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். விண்டோஸ் முடங்கினால் வரும் நீலத்திரை எதுவும் வரவில்லை. ஆனால் பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை, அதாவது தரவு கெட்டிருக்கிறது என்ற செய்தி. அதே கோப்பை மறுபடி பிரித்தால் சரியாக வரும். அடுத்த முறை வேறு இடத்தில் பிழை. டிஸ்க்தான் போச்சு என்று எஸ்எஸ்டியை மாற்றினேன். விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன். கடைசியில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் திரை முழுக்கப் பிழை வரிகள். ஒவ்வொரு ராமாகத் தனியே சோதித்தால் நான்கும் நல்ல பிள்ளைகள்!

சேர்ந்தால்தான் தகராறு. ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு நான்கு ராமை மேய்ப்பது இரண்டை மேய்ப்பதைவிடக் கஷ்டம். ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டியே சொல்லும் வேகம், அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ராம் இரண்டுக்கு 5200. நான்கு போட்டால் 3600தான். இந்த விவரம் ப்ராசஸரின் பக்கத்தில் இருக்கிறது. ராம் வாங்கும்போது அதை யார் பார்க்கிறார்கள்?

3200க்கு இறக்கினேன். ராத்திரி முழுக்க ஓட்டியும் ஒரு பிழை இல்லை. வோல்டேஜை ஏற்றி 3600-ஐயே பிடி என்கிறார்கள் நண்பர்கள். எதற்கு? அந்த 400 குறைந்தது என் வேலையில் எங்கும் தெரியவில்லை; கெட்டுப்போன கோப்புகள்தான் தெரிந்தன.

புதிதாகப் போடுபவர்கள் இரண்டே ராமாக வாங்குங்கள். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் மாட்ட வேண்டும். டிடிஆர்5 என்றால் முதல் தடவை சில நிமிடம் கருந்திரையாகவே நிற்கும். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பவரைப் பிடுங்கிவிடாதீர்கள்.