மூட்டையில் அச்சடித்த மூன்று எண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊரான பாகூருக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். திண்ணையில் உட்கார்ந்து விழுக்காட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வியாபாரி சைக்கிளை இத்தனை விழுக்காடு லாபத்துக்கு விற்றால் அடக்க விலை என்ன என்கிற மாதிரிக் கணக்குகள். ஒன்றுகூடத் தப்பில்லை. அவன் முதுகைச் சாய்த்திருந்தது நடவுக்காக வாங்கி வைத்திருந்த டி.ஏ.பி. உர மூட்டையில். அதில் பெரிதாக 18-46-0 என்று அச்சடித்திருந்தது.

"இது என்னன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"மூட்டை நம்பர் சித்தி" என்றான்.

நாற்பது வருடமாக நெல் போடுகிற என் மாமனாரும் அதை ஏதோ கம்பெனி நம்பர் என்றுதான் நினைத்திருந்தார். நூறு கிலோ உரத்தில் 18 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 46 கிலோ மணிச்சத்து (பாஸ்பேட்) இருக்கிறது, சாம்பல்சத்து (பொட்டாஷ்) இல்லை, அதுதான் அந்த எண் என்று சொன்னேன். மூட்டை 50 கிலோ. பையன் தாள்கூட எடுக்கவில்லை. "ஒன்பது, இருபத்து மூணு" என்றான். உடனே அடுத்த கேள்வி: "அப்போ மீதி 18 கிலோ என்ன சித்தி?" சத்து தனியாக மூட்டையில் நிற்காது, உப்பாகச் சேர்ந்துதான் வரும், மீதி எடை அந்த உப்பினுடையது என்றேன். அப்புறம் யூரியா மூட்டையைத் தேடிப் போனான். 45 கிலோ, 46 விழுக்காடு. இருபது கிலோ எழுநூறு கிராம் தழைச்சத்து என்று கத்திக்கொண்டே வந்தான். நேரே மாமனாரிடம் போய், "ஏக்கருக்கு எவ்வளவு தழைச்சத்து வேணும் தாத்தா?" என்று கேட்டான். "அது எப்பவும் ரெண்டரை மூட்டைதான்" என்றார் அவர். ஒருவர் மூட்டையில் பேசினார், இன்னொருவன் கிலோவில் பேசினான். இரண்டு பேர் சொன்னதும் கணக்குதான். இரண்டையும் சேர்த்துவைக்க எட்டு வருடத்தில் அவன் பள்ளியில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இது என் கதையும்தான்.

நான் பிறந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு ஊர். பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்தேன். எங்கள் பள்ளியில் முன்பு தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை இருந்ததாம். ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆளைப் போடவில்லை, பிரிவையே மூடிவிட்டார்கள். நான் பற்று வரவு எழுதப் படித்தேன். இல்லாத கம்பெனிக்கு இருப்புநிலைக் குறிப்பு தயாரித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் எங்கள் அப்பாவின் தோப்பு லாபத்தில் ஓடுகிறதா நட்டத்தில் ஓடுகிறதா என்று ஒரு நாள்கூட எழுதிப் பார்க்கத் தோன்றியதில்லை. தோன்றும்படி யாரும் கேட்கவும் இல்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லவே வேண்டாம். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தோப்புக்குப் போக வழியில்லாமல் அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய மரமெல்லாம் கொட்டை ஊன்றி வளர்த்தவை. அப்படி வளர்கிற முந்திரி தாய் மரம் போலவே காய்க்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, காய்ப்புக்கு வரவும் பல வருடம் ஆகும். ஒட்டுக் கன்று மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கும். அடுத்த வருடம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக் கட்டுவதைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போனார். ஒரு நாள் பயிற்சி.

வந்து எங்களுக்குச் செய்து காட்டினார். ஒன்றரை, இரண்டு மாதக் கன்று. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, தண்டு இளசாக இருக்கிற இடத்தில் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டின தண்டின் நடுவில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பிளவு. நல்லாக் காய்க்கிற மரத்திலிருந்து பென்சில் பருமனில் எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவி, அந்தப் பிளவில் சொருகி, பட்டையோடு பட்டை ஒட்டும்படி பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மேலே ஒரு சின்ன உறை. சீவின இடத்தில் கை படக்கூடாது. கத்தி மழுங்கியிருந்தால் ஒட்டாது. அம்மா எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கட்டினார். பூத் தொடுத்த விரல், நாடாவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. உறைக்குள் முதல் துளிர் செம்பு நிறத்தில் தலை நீட்டிய அன்று அப்பா புயலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினார்.

அந்த ஒரு நாள் படிப்புதான் எங்கள் குடும்பத்தை எழுப்பியது. என் பி.காம். பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாள், பள்ளியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் மரம் இருந்தும், எனக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை.

இப்படிப் பேசினாலே "குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கேட்பேன். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியார் அதை எதிர்த்து நின்றார். 1954-ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அப்படிக் கைவிடாமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பி.காம். வாசலை மிதித்திருக்கவே மாட்டோம். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பாட நேரத்தைக் குறைக்க வேண்டாம். அப்பன் என்ன தொழில் என்று யாரும் கேட்க வேண்டாம். நிலம் வைத்திருப்பவர் மகனும் அந்த நிலத்தில் நாற்று நடுகிறவர் மகளும் ஒரே குழியில் மண் எடுக்கட்டும். பையன் சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் படிக்கட்டும். பொண்ணு மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கட்டும், வீட்டு மெயினில் இருக்கிற, மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்துகிற கசிவு மின் தடுப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கப் பழகட்டும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாமல், கட்டுப் போடாமல், நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று கரும்புக் கொல்லையில் நிற்கிற எல்லாப் பிள்ளைக்கும் தெரியட்டும். இதெல்லாம் வகுப்பு நேரத்தில், ஆசிரியர் முன்னால், மதிப்பெண்ணோடு.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஆரம்பித்தார்கள். விவசாயிகளுக்கும், விவசாயம் பார்க்கிற பெண்களுக்கும், படிப்பை விட்ட இளைஞர்களுக்கும் செய்து பழகும் பயிற்சி தருவதுதான் நோக்கம். இன்று நாடு முழுக்க 700-க்கு மேல் இருக்கின்றன. குரும்பாபேட்டில் இருக்கிற நம் நிலையத்துக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயர். குலக்கல்வியைக் கைவிட்டவர் பெயரிலேயே கைத்தொழில் கற்றுத் தருகிற இடம் இருக்கிறது. இரண்டுக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன காட்ட? ஆனால் எங்கள் தெருவில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் போயிருக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். நான், இன்னும் இரண்டு பேர்.

கணக்குப் படிப்பு நிலத்தோடு நிற்பதும் இல்லை. பண்ருட்டியில் என் அத்தை இட்லிக் கடை வைத்திருக்கிறார். தண்டலில் 10,000 வாங்கினார். கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே, பதினைஞ்சு பெர்சென்ட்" என்று அத்தை நினைத்திருந்தார். நோட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். ஐம்பதாவது நாளே 5,000 திரும்பிப் போய்விடுகிறது. முழுப்பணம் அவர் கையில் இருந்தது முதல் நாள் மட்டும்தான். நூறு நாளுக்கான அந்த வட்டியை வருடக் கணக்காக்கினால் 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அத்தை ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை வருஷம் யாரும் இப்படி எழுதிக் காட்டலையேம்மா" என்றார். அடுத்த நாளே அரிசி, உளுந்து, கேஸ், விடியற்காலை மூன்று மணியிலிருந்து அவர் நிற்கிற கூலி என்று தனித்தனியாக எழுத ஆரம்பித்தார். கூலி என்ற வரியை எழுதும்போது, "எனக்கு நானே சம்பளமா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அந்த வரியைச் சேர்த்த பிறகுதான் சட்னிக்குத் தனியாகக் காசு வாங்கத் துணிந்தார்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. மண் மாதிரி எடுப்பதையே பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், வரப்பும் மர நிழலும் எருக்குவியலும் தவிர்த்து, 'வி' வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிர் எதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து மறுபடி பிரித்து, அரை கிலோ நிற்கும்வரை செய்ய வேண்டும். அறிவியல், கணக்கு, உடற்பயிற்சி மூன்றும் அதில் இருக்கிறது. முடிவு வந்ததும் மாமனார் போடுகிற ரெண்டரை மூட்டை சரியா என்று பையன்கள் உட்கார்ந்து சண்டை போடலாம்.

நான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஒன்றை இதற்குக் கேட்கப் போகிறேன். பாகூர் சுற்று வட்டாரத்தில் இருக்கிற எலக்ட்ரீஷியன், தையல்காரர், மோட்டார் கட்டுகிறவர், கடைக் கணக்கு எழுதுகிறவர், ஒட்டுக் கட்டத் தெரிந்த அக்காமார் யாராவது மாதத்தில் ஒரு நாள் வர முடியும் என்றால் எனக்கு எழுதுங்கள். போக வர பஸ் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மண்வெட்டி எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது.