புகைச்சட்டி விவகாரம்

நேற்று எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். கொசு விரட்ட அம்மா பால்கனியில் நொச்சிப் புகை போட்டார். அதற்கு 114 மெசேஜ். தீயணைப்புக்குச் சொல்லலாமா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். ஒரு மண்சட்டிக்கு!

நான் கேட்பது ஒன்றுதான். கொசு என்ன, அம்மாவின் சட்டியிலிருந்தா வந்தது?

அம்மாவுக்கு மாயவரம் பக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் மூட்டம் போடுவது தாத்தாவின் வேலை. அடியில் வரட்டி, கொஞ்சம் உமி. தணல் பிடித்ததும் மேலே நொச்சியும் வேப்பந்தழையும். தழை பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்தது குப்பென்று பற்றிக்கொள்ளும். தீ எழுந்தால் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். கட்டியிருக்கிற மாடு கயிறு எட்டும் வரை நகர்ந்து வந்து புகையடிக்கிற பக்கம் நிற்கும். அதற்கு யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இதெல்லாம் டெங்குவைத் தடுக்காது மேடம்" என்று ஒருவர் பாடம் எடுத்தார். தெரியும் சார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. அம்மா ஆறரை மணிக்குப் போடுவது, சாக்கடையிலிருந்து கிளம்பி ராத்திரி காதில் வந்து பாடுகிறதே, அந்த க்யூலெக்ஸுக்கு. அதையும் புகை கொல்லாது, கொஞ்ச நேரம் விரட்டும், அவ்வளவுதான். அது தெரிந்துதான் அம்மா அப்புறம் வலைக்குள் படுக்கிறார். டெங்கு வராது என்று எங்கள் வீட்டில் எவரும் சொன்னதில்லை.

"குழந்தைக்கு வீசிங் இருக்கு." இது நியாயம். நொச்சியாகவே இருந்தாலும் நுரையீரலுக்குப் புகை புகைதான். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அணைத்திருப்போம். ஆனால் ராத்திரி முழுக்க உங்கள் வாசலில் கொசுவத்திச் சுருள் எரிகிறதே? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. அட்டைப்பெட்டியில் வாங்கினால் அது புகை இல்லை போலிருக்கிறது. 'உங்கம்மா புகையை அளந்தீங்களா?' என்பீர்கள். அளக்கவில்லை. அதிகமாகவே இருக்கலாம். விடுங்கள்.

கொசு எங்கிருந்து வருகிறது, அதைச் சொல்லுங்கள். கீழே தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப், அதன் மூடி உடைந்து மூன்று மாதம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போன வாரம் கொசுப்புழு பார்க்க வந்த அக்கா உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. எங்கள் ஃபிரிட்ஜ் பின்தட்டிலும் நாலைந்து இருந்தன, ஒப்புக்கொள்கிறேன், கொட்டிவிட்டேன். மூடியைப் பற்றி அன்றைக்கே குழுவில் எழுதினேன். பதிலுக்கு வந்தது ஒரே ஒரு கட்டைவிரல். சட்டிக்கு 114, சம்ப்புக்கு 1.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். "ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுட்டு வரணும்" என்று ஒரு வரி வந்ததே. அதற்கு ஏழு பேர் சிரித்திருந்தார்கள். ஏழு பேரையும் எனக்குத் தெரியும். அதில் மூன்று பேர் வீட்டுக்கு அம்மா செய்த நார்த்தங்காய் ஊறுகாய் போயிருக்கிறது.

நான் அதைப் படித்துக் காட்டவில்லை. பையன் காட்டிவிட்டான். "தப்பாப் போச்சா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். இன்று காலையில் பார்க்கிறேன், சட்டியைக் கரி போகத் தேய்த்துக் கழுவி, பேப்பரில் சுற்றி, ஊருக்கு எடுத்துப்போகிற பையில் வைத்திருக்கிறார். ஊரில் மாட்டை விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. கொட்டகையும் இல்லை.