கட்டடத்தைவிட தூரம்தான் முதல் தடை

மாவட்டத்துக்கு ஒரு பெரிய பள்ளி கட்டினால் ஆப்கானிஸ்தான் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அந்நாட்டின் மலைப்பாங்கான கோர் மாகாணத்தில் தெரியவந்தது வேறு. 2007-இல் அங்கே 31 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சில கிராமங்களுக்கு மட்டும் முதலில் ஊருக்குள்ளேயே பள்ளி கிடைத்தது. அங்கே பெண் குழந்தைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளி, அதாவது நூறு பேரில் இன்னும் 52 பேர் என்ற அளவுக்குக் கூடியது. பள்ளி ஒரு மைல் தள்ளிப்போனால் மொத்தச் சேர்க்கை சுமார் 16 புள்ளி சரிகிறது. ஆறு வயது மகளை மலைப்பாதையில் யார் தனியே அனுப்புவார்கள்?

மசூதியிலோ வீட்டிலோ ஓர் அறை, தரைவிரிப்பு, கரும்பலகை, அரசுப் பாடநூல், அதே ஊரில் படித்த ஒருவர். ஊர்ப் பள்ளிக்கு இவ்வளவு போதும். 2021-க்குப் பிறகு ஆறாம் வகுப்போடு பெண்களுக்குக் கதவு சாத்தப்பட்ட நிலையில், இந்தத் தொடக்க வருடங்கள் இன்னும் முக்கியம்.

இப்படிப்பட்ட பள்ளிகள் சறுக்குவது இரண்டு இடத்தில். நன்கொடை முடிந்ததும் ஆசிரியர் சம்பளம் நிற்கும், வகுப்பும் நிற்கும். அடுத்தது பதிவேடு: முதல் நாளே பிள்ளையின் பெயரைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். விட்டால், மூன்று வருடம் படித்த பிள்ளைக்கும் கையில் சான்று இருக்காது.