பதக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பையனை வளர்த்தவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஒலிம்பிக் தடகளத்தில் பஹ்ரைன் ஒரு தங்கம் ஜெயித்துவிட்டால் போதும், எங்கள் வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "எல்லாம் காசு கொடுத்து வாங்கினது." 2016 ரியோவில் ரூத் ஜெபெட், 2024 பாரிஸில் வின்ஃப்ரெட் யாவி. இருவரும் கென்யாவில் பிறந்தவர்கள், ஜெயித்ததும் ஒரே ஓட்டம்தான், தடைகளையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். தோஹாவில் பிழைக்க வந்த எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு என்பது என் கட்சி. அது தெரிய வேண்டுமென்றால் பெரியவர்களின் பதக்கப் பட்டியலை விட்டுவிட்டு, அரபு ஜூனியர் தடகளப் போட்டியின் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

20 வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டி அது. 2016-ல் அல்ஜீரியாவின் தெலெம்சென், 2018-ல் அம்மான், 2022-ல் துனிசியாவின் ராதெஸ் என்று ஊர் ஊராகப் போகும். நம்மவர்கள் பார்ப்பதில்லை என்பது இருக்கட்டும், அரபு நாடுகளிலேயே பெரிய கூட்டம் கிடையாது. ஜூனியர் மீட் எங்கே நடந்தாலும் அப்படித்தானே, கேலரியில் இருப்பவர்களில் பாதிப்பேர் அடுத்த ஹீட்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், மீதிப்பேர் கோச்சுகள். ஆனால் அந்தப் பகுதியின் தடகளம் உண்மையில் எங்கே முளைக்கிறது என்று அங்கேதான் தெரியும். 800, 1500 மீட்டர் என்று வந்தால் மொராக்கோ, அல்ஜீரியா. குண்டு, வட்டு, ஹாமர் (சம்மட்டி) எறிதல் என்றால் எகிப்து. அப்புறம் நாம் அரபு நாடு என்று யோசிக்கவே யோசிக்காத ஜிபூத்தியும் சோமாலியாவும் கொமோரோஸும்கூட அரபு லீக்கின் 22 உறுப்பினர்களில் உண்டு. வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஜிபூத்தி, 1988 சியோல் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வாங்கியது.

ஜூனியர் முடிவுகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பையன்களுக்குக் கொடுக்கும் ஹாமர் 6 கிலோ, பெரியவர்களுக்கு 7.26 கிலோ. பையன்களின் வட்டு 1.75 கிலோ, பெரியவர்களுடையது 2 கிலோ. 110 மீட்டர் தடையோட்டத்தில் ஜூனியர் தடையின் உயரம் 99 சென்டிமீட்டர், சீனியரில் கிட்டத்தட்ட 107. இந்த வித்தியாசத்தில்தான் நிறைய பேர் காணாமல் போகிறார்கள்.

அஷ்ரஃப் எல்சைஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் பிறந்தவர், கத்தாருக்காக எறிந்தவர். 2012-ல் பார்சிலோனாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 6 கிலோ ஹாமரை 85.57 மீட்டர் எறிந்தார். உலக ஜூனியர் சாதனை. அன்றைக்கு வயது 17. அடுத்த பத்தாண்டு ஹாமர் இவர் கையில்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். 7.26 கிலோ கைக்கு வந்ததும் கதை மாறியது. ரியோ ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். ஆறாவது இடம் சாதாரணமில்லை, உலகத்தில் ஆறாவது! ஆனால் 17 வயதில் அவர் மீது ஏற்றிவைத்த எதிர்பார்ப்புக்கு முன்னால் அது யார் கண்ணிலும் படவில்லை.

சூடானின் அபூபக்கர் காக்கி கதை இன்னும் மோசம். 2008-ல், 18 வயதில், வலென்சியாவில் 800 மீட்டர் உலக உள்ளரங்க சாம்பியன். அதே ஆண்டு ஜூனில் ஓஸ்லோவில் 1 நிமிடம் 42.69 நொடி, உலக ஜூனியர் சாதனை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அரையிறுதியிலேயே வெளியே வந்துவிட்டார். யாரும் பெரிதாகக் கணக்கில் வைக்காத இஸ்மாயில் அகமது இஸ்மாயில் அந்த ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார், அதுதான் சூடானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அப்புறம் 2012 லண்டன் இறுதி. கென்யாவின் ருடிஷா 1:40.91-ல் உலக சாதனை வைத்த அதே ஓட்டம். இரண்டாவதாக வந்த போட்ஸ்வானாவின் நைஜல் அமோஸ் 18 வயதுப் பையன், 1:41.73. உடைந்தது காக்கியின் ஜூனியர் சாதனை. காக்கி எங்கே என்கிறீர்களா? அதே ஓட்டத்தில்தான், ஏழாவதாக வந்துகொண்டிருந்தார். தன் சாதனை உடையும்போது சில மீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் விதி எத்தனை பேருக்கு வாய்க்கும்!

இதற்கு நேர்மாறாக மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ். 1992-ல் சியோலில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 5000 மீட்டரில் வெண்கலம். முதலில் வந்தவர் எத்தியோப்பிய ஜாம்பவான் ஹைலே கெப்ரசெலாசி, அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு வருடம் கழித்து ரோமில் 1500 மீட்டர் 3:26.00. இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. 1996 அட்லாண்டாவில் கடைசிச் சுற்று மணி அடிக்கும் நேரத்தில் இடறி விழுந்தார், 2000 சிட்னியில் வெள்ளி, 2004 ஏதென்ஸில்தான் 1500-ம் 5000-ம் சேர்த்து இரட்டைத் தங்கம். ஜூனியர் வெண்கலத்துக்கும் அந்தத் தங்கத்துக்கும் நடுவே 12 வருடம். அத்தனை வருடமும் யாரோ சாப்பாடு போட்டார்கள், முகாம் நடத்தினார்கள், காயத்துக்கு மருத்துவம் பார்த்தார்கள். மொராக்கோ அதைச் செய்தது.

சரி, என் கோபம் எங்கே என்று சொல்கிறேன். கென்யாவிலிருந்து ஆள் எடுப்பதை எல்லோரும் பேசுகிறோம். அரபு நாட்டிலிருந்தே அரபு நாடு ஆள் எடுப்பதை யாரும் பேசுவதில்லை. ரஷீத் ரம்சி மொராக்கோவில் பிறந்தவர். 2005 ஹெல்சின்கியில் 800, 1500 இரண்டிலும் உலகத் தங்கம் வாங்கியது பஹ்ரைன் சட்டையில் (2008 ஒலிம்பிக் தங்கம் ஊக்கமருந்தில் பறிபோனது தனிக்கதை). அப்துர்ரஹ்மான் சம்பா மொரிட்டானியக் குடும்பம், மொரிட்டானியாவுக்கு ஓடியவர், 2018-ல் 400 மீட்டர் தடையோட்டத்தை 46.98-ல் முடித்தபோது கத்தார். அப்தலேலா ஹாரூன் சூடானில் பிறந்தவர், 2016-ல் 400 மீட்டர் உலக ஜூனியர் சாம்பியன், 2017 லண்டனில் உலக வெண்கலம், எல்லாம் கத்தாருக்கு. 2021 ஜூனில் கார் விபத்தில் 24 வயதில் போய்விட்டார். அந்த வாரம் இங்கே என்னுடன் வேலை செய்யும் சூடானியர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பேசிக்கொண்டார்கள். எந்தச் சட்டை போட்டு ஓடினார் என்பது அவர்கள் பேச்சில் வரவே இல்லை.

போன பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடத் தெரிந்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்கு ஓடுவான், நானும் அப்படித்தான் விமானம் ஏறினேன். புதுசும் இல்லை. அல்ஜீரியாவில் பிறந்த பூகெரா எல் வாஃபி 1928-ல் ஒலிம்பிக் மாரத்தான் ஜெயித்தது பிரான்சுக்காக. 1956-ல் அலேன் மிமூனும் அப்படியே. அன்றைக்கு அது காலனி ஆட்சி, கேட்டுச் செய்யவில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள், சம்பளமும் தருகிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பையனை 13 வயதில் கண்டுபிடித்து, செருப்பில்லாத காலுக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்த கோச்சுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? தென்னம்பிள்ளை நட்டவர் ஒருவர், இளநீர் வெட்டுபவர் இன்னொருவர் என்றால் நட்டவருக்குக் குத்தகைப் பணமாவது தர வேண்டாமா?

கால்பந்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரர் நாடுவிட்டு நாடு விலைக்குப் போனால், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஐரோப்பாவில் ஒருவர் விலைபோனால் அவரை வளர்த்த ஏதோ ஒரு மூலை கிளப்புக்கு மைதானம் போடக் காசு வரும். தடகளத்தில் அப்படிக் கட்டாயப் பங்கு கிடையாது. உலகத் தடகள அமைப்பு செபாஸ்டியன் கோ தலைமையில் 2017-ல் நாடு மாற்றத்தையே நிறுத்திவைத்தது. 2018-ல் புது விதி வந்தது: 3 ஆண்டு காத்திருப்பு, முழுக் குடியுரிமைக்கு ஆதாரம், 20 வயதுக்கு முன் மாற்றமே கூடாது. நல்ல விதி. பிள்ளைகளைத் தொடாதே என்கிறது. ஆனால் 20 வயது முடிந்த மறுநாள் என்ன? வளர்த்த நாட்டுக்கு ஒரு "நன்றி"கூடக் கிடையாது.

அரபு நாடுகள் உலக அமைப்பின் விதிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தங்களுக்குள்ளேயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அரபு ஜூனியர் போட்டியில் ஒரு பிள்ளை எந்த நாட்டுக்கு, எந்த கிளப்பிலிருந்து வந்து ஓடியது என்று பதிவாகிறது அல்லவா? அந்தப் பதிவையே கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அந்தப் பிள்ளை வேறு அரபு நாட்டுச் சட்டை போட்டால், அந்தக் கிளப்புக்குப் பணம் போகட்டும். டைமண்ட் லீக் என்ற பெரிய தடகளத் தொடரின் ஒரு மாலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சில்லறை. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்த பிறகு அங்கே எந்தப் பிள்ளை எந்த டிராக்கில் ஓடும்? அடுத்த காக்கி எங்கிருந்து வருவான்?

"வளர்க்கவே தெரியாதா இந்த வளைகுடா நாடுகளுக்கு?" என்று கேட்டால், தெரியும். முத்தஸ் பர்ஷிம் தோஹாவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சூடானிலிருந்து வந்தவர், அவரும் தடகள ஆள், நடைப்போட்டி. மகன் உயரம் தாண்டுதலில் 2010-ல் கனடாவின் மாங்டனில் 2.30 மீட்டர் தாண்டி உலக ஜூனியர் சாம்பியன், அப்புறம் 2.43, மூன்று உலகப் பட்டம், டோக்கியோவில் இத்தாலியின் தம்பேரியோடு பங்கிட்ட தங்கம். இத்தனையும் உள்ளூர்ச் சரக்கு. அதனால்தான் மற்றவர்களை வாங்கும்போது எனக்கு இன்னும் எரிச்சல்.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். 1984 ஒலிம்பிக் 400 மீட்டர் தடையோட்டத்தில் நவால் எல் முதவக்கல் ஜெயித்தபோது அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கச் சொன்னார் மொராக்கோ மன்னர். அல்ஜீரியாவின் ஹசிபா பூல்மெர்காவுக்கோ, அரைக்கால் சட்டையில் ஓடியதற்குக் கொலை மிரட்டல் வந்தது, 1992 ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கியது அதையும் தாண்டித்தான். சோமாலியாவின் சாமியா யூசுஃப் ஒமர் பெய்ஜிங்கில் 200 மீட்டர் ஓடும்போது வயது 17, நேரம் 32.16. மற்றவர்களுக்கு எட்டு ஒன்பது நொடி பின்னால் வந்தாள், அரங்கமே எழுந்து கைதட்டியது. 2012-ல் ஐரோப்பாவுக்குப் போகும் படகுப் பயணத்தில் மத்தியதரைக் கடலில் இறந்துபோனாள். ஜூனியர் வயதில் ஒலிம்பிக் வரை வந்த ஒரு பிள்ளைக்குப் பயிற்சி எடுக்க ஒரு பத்திரமான மைதானம் கொடுக்க 22 நாட்டாலும் முடியவில்லை.

கமெண்டில் "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று வரும், தெரியும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 4x400 கலப்பு ரிலேவில் நம்ம லால்குடி ஆரோக்கிய ராஜீவ் இருந்த இந்திய அணி வெள்ளியோடு வந்தது நினைவிருக்கிறதா? தங்கம் பஹ்ரைனுக்கு. அந்த அணியில் ஓடிய நைஜீரியாவில் பிறந்த கெமி அடெகோயா ஊக்கமருந்தில் மாட்டிய பிறகு, 2020-ல்தான் நமக்குத் தங்கம் வந்தது. மேடையில் நின்று கீதம் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

இன்னொன்றும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி மீட்டில் நன்றாகவே ஓடுகிறார்கள். கத்தார் சட்டையில் ஓட வழியில்லை, ஊரில் மாவட்டத் தேர்வுக்குப் போனால் "எந்தப் பள்ளி?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் கொடுக்க வளைகுடாவுக்கு மனம் வராது என்றும் சொல்ல முடியாது. ஸ்டீபிள்சேஸை 9 நிமிடத்துக்குள் ஓடினால் கொடுக்கிறார்கள்! ரியாத், மனாமா, மஸ்கட் பக்கம் இருப்பவர்கள், உங்கள் பிள்ளைகளை எந்த கிளப்பில் சேர்த்தீர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்களா என்று கீழே எழுதுங்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.